ஒரு நாளும் விடாமல் எழுதிய பதிவேடு

"அந்த நோட்ட எடுங்க டீச்சரு. எல்லாம் அதுலதான இருக்கு?" என்றாள் பேச்சி.

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நாற்காலி அன்று வெளியே புளியமரத்தடியில் கிடந்தது. அதில் வனத்துறையின் பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் காலனி ஆட்கள் நாற்பது பேரும் நின்றிருந்தார்கள். நான் மட்டும் அறைக்குள் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கை நீளவில்லை.

நான் மலைத்துப்போய் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சியே வந்து எடுத்துக்கொண்டாள். சேலையில் கையைத் துடைத்துவிட்டு, சூடான சோற்றுப்பானையை இறக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் அதிகாரி மடியில் வைத்தாள்.

"சாமி, நாங்க எம்புட்டு நாளு மலையில இருந்தோம், எம்புட்டு நாளு இங்கன இருந்தோம்னு இதுல இருக்கு. டீச்சரு ஒரு நாளு விடாம எழுதுவாக."

அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெருமையான சிரிப்பு. எங்களுக்கும் ஒரு எழுத்து இருக்கிறது என்ற சிரிப்பு. அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசகி கேட்டது

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். "டீச்சர் வேலை எவ்வளவு நல்ல வேலை, அதைப் போய் ஏன் விட்டீர்கள்?" என்று. கேட்பது சுலபம் தாயே.

இத்தனை வருடமாக எல்லாரிடமும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட, பொறாமைப்பட்டது, பொய் சொன்னது, பூசைக்குப் பிந்தி வந்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு இதை மட்டும் விழுங்கிவிட்டு எழுந்திருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன். ராத்திரி தூக்கம் வருமா என்று பிறகு பார்க்கலாம்.

எண்பதுகளின் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பளியர்களுக்கென்று பன்னிரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். பளியர்கள் அந்த மலையின் ஆட்கள். தேனெடுப்பதும் கிழங்கு தோண்டுவதும்தான் பிழைப்பு. நாவலூற்று என்ற இடத்தில் இருந்தார்கள். அடிவாரத்திலிருந்து இரண்டு மணி நேர ஏற்றம். காட்டைச் சரணாலயமாக்கியபோது கீழே இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

"சாம்பல் அணிலு குடியிருக்கணும்னு எங்கள எறக்கிட்டாக டீச்சரு. இந்த வீட்ட அணிலுக்குக் கட்டிக் குடுத்திருந்தா நாங்க அங்கனயே கெடந்திருப்போம்" என்பாள் பேச்சி. என் வயதுதான் அவளுக்கும். வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

காலனியோடு சேர்த்து ஓர் ஓரறைப் பள்ளிக்கூடமும் வந்தது. பதினாலு பிள்ளைகள். அதற்குத் தற்காலிக ஆசிரியை நான். தொடர்ந்து ஐந்து வருடம் பள்ளி நடந்தால் பள்ளியும் நிரந்தரம், நானும் நிரந்தரம். பிள்ளைகள் வரவில்லை என்றால் மூடிவிடுவார்கள் என்று ஆர்டர் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

அதுவரை ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் சேவியர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. இரண்டே அறை. ராத்திரி ஷிப்ட் முடித்து அவன் வந்து படுத்தால், பகலெல்லாம் நாங்கள் ஊமைகள்போல் நடமாட வேண்டும். மதினி ஒரு சொல் என்னைச் சொன்னதில்லை. சாப்பிட்ட என் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவார்.

"ஏட்டி, ஒனக்குன்னு ஒரு வேலை இருந்துட்டா எவனும் ஒன்ன ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான் அண்ணன். உண்மைதான். வேலை வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தேன். பின்கட்டில் பால்கோவா கிண்டுவார்கள். நாள் முழுக்க விறகுப் புகையும் பால் வாசமும். கல்யாணமாகாத ஒருத்திக்குச் சொந்தமாக ஒரு சாவி கிடைப்பது என்ன என்று, கிடைத்தவளைக் கேட்டால்தான் தெரியும். அந்தச் சாவியை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

பிள்ளைகள் இல்லாத மாதங்கள்

டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், மாந்தோப்பு வழியாக முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். முதல் ஆனி மாதம் ஒருநாள் போய்ச் சேர்ந்தால் காலனி முழுக்கப் புறப்பட்டு நிற்கிறது. சட்டி, அரிவாள், கைக்குழந்தை, நாய், எல்லாம்.

"பிள்ளைகளையாவது விட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினேன்.

"பிள்ளைய விட்டுட்டுத் தேனெடுக்கப் போனா, எடுத்த தேன யாருக்குக் குடுக்க?" என்றாள் பேச்சி. போய்விட்டார்கள்.

தேனெடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேச்சியின் புருஷன் வேலன்தான் பாறையில் இறங்குவான். மேலே கொடிக் கயிற்றைப் பிடிப்பது பேச்சியின் அண்ணன் மாடன். வேறு யாரும் பிடிக்கக் கூடாது. "கயிறு விட்டுப் போச்சுன்னா தாலியறுக்கப் போறது அவன் தங்கச்சில்லா. அதனால விடமாட்டான்" என்பாள். கேட்டதிலிருந்து, எனக்கு யார் கயிறு பிடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் பிடிப்பான். நல்லவன். ஆனால் மில் சங்கு ஊதினால் போய்விடுவான்.

ஆனி, ஆடியில் தேன். தை, மாசியில் கிழங்கும் கடுக்காயும். கோடை விடுமுறையையும் சேர்த்தால் வருடத்தில் பாதி நாள் அவர்கள் நாவலூற்றில்தான். மழை மாதங்களில்தான் காலனியில் நிறைந்து இருப்பார்கள். என் மேலதிகாரியும் வருடத்துக்கு ஒருமுறை அந்த மழை மாதத்தில்தான் வருவார். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். சந்தோஷமாகக் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

மற்ற நாட்களில் நான் போவேன். பூட்டைத் திறப்பேன். கூட்டுவேன். உட்காருவேன். மத்தியானம் குரங்குகளுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். நாலு மணிக்குப் பூட்டுவேன். சீக்கிரம் திரும்பியிருக்கலாம், கேட்பார் இல்லை. அறையிலும் நான் ஒருத்திதானே, அங்கே போய் மட்டும் என்ன. சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து பேசியிருக்க மாட்டேன்.

முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. இரண்டாம் நாள் பதினாலு பேருக்கும் ஆப்சென்ட் போட்டேன். இப்படி நாலு பக்கம் போனால் பள்ளி இல்லை. பள்ளி இல்லை என்றால் அறை இல்லை, சாவி இல்லை. மறுபடி மதினி கவிழ்க்கும் தட்டு.

மூன்றாம் நாள் நோட்டில் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள். காலைக்கு ஒரு கோடு, மத்தியானத்துக்கு அதன்மேல் ஒரு கோடு. பெருக்கல் குறிபோல விழும். முதல் நாளையும் நிரப்பி, இரண்டாம் நாள் போட்டதைப் பிளேடால் சுரண்டித் திருத்தினேன். பிறகு பழகிவிட்டது.

மலையிலிருந்து திரும்பிய ஒருநாள், நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்த பேச்சி கேட்டாள்: "நாங்க மேல இருக்கப்பவும் இத எழுதுவீகளா?"

"எழுதுவேன்."

"ஒரு நாளு விடாமலா?"

"விடாம."

"யாத்தீ" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதை நம்பித்தான் அவள் இரண்டு கையாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாவு விழுந்த வீடு

மூன்றாம் வருட மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. முதலில் பேச்சியின் அம்மா போனாள். அடக்கம் முடிந்த மறுநாளே வீட்டிலிருந்த சட்டிபானையை வெளியே எடுத்துவைத்துவிட்டு, வாசலில் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார்கள். பின்னால் இலைக் குடிசை போட்டுக்கொண்டு அதில் இருந்தார்கள்.

"நல்ல வீட்ட விட்டுட்டு இதுலயா?" என்றேன்.

"செத்தவுக வீடு செத்தவுகளுக்கு. நாம வேற எடம் பாத்துக்கிரணும்" என்றாள்.

மலையில் அதில் கஷ்டமில்லை. நாலு கம்பு, கொஞ்சம் இலை. ஓர் இடத்தில் சாவு விழுந்தால் ஊற்றுக்கு அந்தப் பக்கம் போய் வேறு குடிசை போட்டுக்கொள்வார்கள். இங்கே கான்கிரீட் வீடு வரிசையாகச் சுவரோடு சுவராக நிற்கிறது. இந்த வீட்டுச் சாவு பக்கத்து வீட்டுக்கும் சாவுதான் என்று ஆகிவிட்டது. அடுத்த மழைக்குள் நாலு சாவு. கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கத் துப்பில்லையா என்று வனத்துறை ஜீப்பில் வந்தவர்கள் சத்தம்போட்டார்கள். ஒரு காலையில் மொத்தமாகக் கிளம்பி நாவலூற்றுக்குப் போய்விட்டார்கள். தேனுக்கும் இல்லை, கிழங்குக்கும் இல்லை. இருப்பதற்கு.

ஒளிந்துகொள்ளவும் தெரியாது அவர்களுக்கு. வேலனே இறங்கி வந்து, "நாங்க எங்க எடத்துக்குப் போயிட்டோம் சாமி" என்று வனத்துறை ஆபீசில் சொல்லிவிட்டுப் போனான். அதனால்தான் விசாரணை.

வந்த அதிகாரி நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிப்போகும். எல்லாரையும் கீழே வரவழைத்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"நாவலூற்ற நீங்க விட்டுட்டு வரவே இல்ல, வருஷத்துல பாதி நாள் அங்கதான் குடியிருந்தீங்கன்னா, நான் மேல எழுத முடியும். இருக்க விடுவாங்க. விட்டுட்டு வந்தவங்க இப்பப் புதுசா போறீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஏதாவது எழுத்து இருக்கா?"

எழுத்து என்றதும் பேச்சி என் பக்கம் திரும்பினாள்.

ஆமா சார்

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஆனி. ஆடி. தை. மாசி. மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"பதினாலு பிள்ளைகளும் தெனமும் பள்ளிக்கூடம் வந்திருக்காங்களே. ஒரு நாள்கூட லீவு போடல. அப்ப குடும்பமும் இங்கதான இருந்திருக்கு?"

யாருக்கும் புரியவில்லை. வேலன் மட்டும், "இல்ல சாமி, நாங்க மேல..." என்று ஆரம்பித்தான்.

"டீச்சர், இது நீங்க எழுதினதுதான?"

"ஆமா சார்."

"சரியா எழுதினதுதான?"

இல்லை சார் என்று இரண்டு சொல். நாற்பது பேருக்கு வீடு அது. எனக்கு அது அண்ணன் வீட்டுக்குத் திரும்பும் வழி.

"ஆமா சார்" என்றேன்.

வேலன் வாயெடுத்தான். பேச்சி அவன் கையைத் தொட்டாள், நிறுத்திவிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பாதையில் வழுக்கி விழுந்த ஒருத்தியைப் பார்த்து, எங்கே அடிபட்டது என்று தேடுவதுபோல் பார்த்தாள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

பத்து நாளுக்குள் காலனிக்கு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். நோட்டைப் பேச்சியே எடுத்துவந்து அலமாரியில் வைத்தாள். "வெயில் ஏறுது டீச்சரு, பாத்துப் போங்க" என்றாள்.

பளியர்கள் சண்டை போட மாட்டார்கள். வேலனுக்கும் மாடனுக்கும் ஒருமுறை மனஸ்தாபம் வந்தது. மறுநாள் பார்த்தால் மாடன் குடும்பத்தோடு வேறு பக்கம் போய்விட்டான். ஒரு மாதம் கழித்து வந்தான், பழையபடி கயிறு பிடித்தான். "சண்டை போட்டா ரெண்டு பேரும் அங்கனயே நிக்கணும்லா. போயிட்டா சோலி முடிஞ்சுது" என்று பேச்சி சொல்லியிருக்கிறாள்.

என்னிடமும் அப்படித்தான் செய்தார்கள். காலனிக்கும் வரவில்லை, நாவலூற்றிலும் இருக்கவில்லை. சேத்தூருக்கு மேலே ஏதோ சரிவில் திரிகிறார்கள் என்றார்கள். சொந்த ஊற்றை விட்டுவிட்டு மழையில் பாறையிடுக்கில் கிடந்தார்கள், என்னால்.

நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வீடும் காலி. ஒரு வீட்டுக்குள் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். கூட்டினேன், உட்கார்ந்தேன், கோடு போட்டேன். வெட்கமில்லாமல் ஒன்றரை மாதம். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் மத்தியானக் கோட்டை இழுக்கும்போது பேனா நின்றுவிட்டது. அந்த ஆடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தது. வாய்விட்டு அழுதேன். ஆடு பயந்து ஓடிவிட்டது.

அந்தப் பேனாவாலேயே கடிதம் எழுதினேன். எந்தெந்த மாதம் பிள்ளைகள் மலையில் இருந்தார்கள், எந்தெந்தக் கோடு நானாகப் போட்டது என்று எல்லாம். மறுநாள் அந்த வனத்துறை அதிகாரியிடமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. இத நான் ஃபைல்ல வச்சா உங்க வேல போயிரும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"வைக்கவா?"

"வைங்க சார்."

போய்விட்டது. அண்ணனிடம் உடம்புக்கு ஆகவில்லை என்றேன். அவன் துருவவில்லை. மதினி அன்று எனக்கு முட்டை பொரித்து வைத்தார். பிறகு பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அந்தக் கதை பெரிய கதை.

நாவலூற்று

வேலை போய் இரண்டு வருடம் இருக்கும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வனக்காவலர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "டீச்சர்தானே? அவங்க நாவலூத்துக்கே வந்துட்டாங்கம்மா. இருக்கலாம்னு பேப்பர் வந்துட்டு" என்றார். அந்த வாரம் ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு அப்படியே பஸ் ஏறினேன். மலைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வழி கேட்டுக் கேட்டு ஏறினேன்.

நாவல் மரங்கள் தெரிந்தன. ஊற்று தெரிந்தது. அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து இலைக் குடிசைகள். அடுப்பில் கிழங்குப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பாதி சீவிய மூங்கில், ஈரம் காயாத துணி, இலைமேல் வைத்த குழந்தைச் சோறு. ஆள் ஒருவரும் இல்லை.

"பேச்சி" என்று கூப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று பார்த்தால், வெயில் தலைக்கு மேல் வந்து சாயவும் ஆரம்பித்தது.

பிறகு பேச்சி வந்தாள். தனியாக. பக்கத்தில் வரவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தீயைத் தள்ளினாள்.

"தண்ணி குடிச்சீகளா?"

"குடிச்சேன். பேச்சி, நான் அன்னைக்கு..."

"அது போயிட்டு டீச்சரு."

பானையைக் கிளறினாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. நாங்க இல்லாத நாளையெல்லாம் இருந்தோம்னு எழுதினீகளே. அப்பமெல்லாம் யாரு கூட இருந்தீக?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"நாளு பூராவும் ஒத்தையிலயா?" நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டாள். "எங்க கூட மலைக்கு வந்திருக்கலாம்ல? வரவேண்டாம்னா சொன்னோம்?"

நாலு வருடத்தில் எனக்கு அது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்தவங்கல்லாம் எங்க? பிள்ளைகளப் பாக்கணும்" என்றேன்.

பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மேல பாறையில இருக்காக. நோட்டு எழுதுறவுக வாராகன்னு பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஏறிட்டாக. நான் சொல்லியும் கேக்கல." பிறகு மெல்லச் சொன்னாள்: "காலையிலருந்து பச்சப்புள்ளைகளும் ஒண்ணும் திங்கல டீச்சரு. நீங்க எறங்கின பொறவுதான் வருவாக."

எழுந்தேன். போய்வருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பேச்சி இரண்டு கிழங்கை இலையில் வைத்து என் கையில் கொடுத்தாள். சூடு.

முதல் திருப்பம் தாண்டியிருப்பேன். பின்னால் மேலிருந்து கல் உருளும் சத்தம், ஆட்கள் இறங்கும் சத்தம். ஒரு பிள்ளை சிரித்தது, இன்னொன்று யாரையோ கூப்பிட்டது. அது யார் குரல் என்றுகூட எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் ஏறிவிடுவார்கள்.